ஈரக் கழிவு

சோலூர்மட்டத்து இலைக் கொட்டகையில்
மூன்று நாளாகப் படிவங்களோடு உட்கார்ந்திருக்கிறேன்.
பதினெட்டுக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்.

மனநோய் வந்து தேறியவருக்கு
வீடு வாடகைக்கு விடுவீர்களா?
"தாராளமா" என்கிறார் கணக்கர் போஜன்,
தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.
கூட வேலை செய்வீர்களா?
"அவங்களும் மனுசங்கதானே."
உங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள விடுவீர்களா?
ஒரு மூட்டை இறங்கி, அடுத்தது ஏறியது.
"ஆமான்னு எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன்.
இந்த ஊரின் சராசரியைப் பார்த்தால்
ஊட்டியில் என் மேலதிகாரி மகிழ்ந்துபோவார்.

நேற்று மழை.
மழை நாளில் ஈரத்துக்கென்று
மூட்டைக்கு மூன்று கிலோ கழிப்பார்கள்.
தவமலர் மூட்டைக்கு ஐந்து.
அவள் ஏனென்று கேட்கவில்லை, நான் கேட்டேன்.
"அதுல ஈரம் ஜாஸ்திம்மா."
ஒரே சரிவு. ஒரே மேகம்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து
இரண்டு வருடம் ஆகிறது அவளுக்கு.
சிரித்தால் சுற்றிலும் பேச்சு நிற்கிறது.
சிரிக்காவிட்டால்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.
கூலியில் நாற்பது ரூபாய் குறைந்த அன்று
எல்லாப் பெண்களும் கத்தினார்கள்;
அவள் மட்டும் கவரை மடித்தாள்,
மடித்ததையே மறுபடி மடித்தாள்.
மற்றவர்கள் கத்தினால் அது நியாயம்.
அவள் கத்தினால் மாத்திரை போட்டாயா என்பார்கள்.

கவாத்துக்கு ஆள் பிரித்தபோது
அவள் கைக்குக் கத்தி வரவில்லை.
"பாவம், கை வலிக்கும் அவளுக்கு"
என்றாள் எஸ்தர், அன்பாக.
உண்மையாகவே அன்பாக.
அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

ஐந்தரை மணி, கோத்தகிரி பஸ்.
ஜன்னலோரம் தவமலர். பக்கத்து இருக்கை காலி.
நின்றுகொண்டு வந்தவர்கள் பதினொரு பேர்.
எண்ணினேன், எண்ணுவதுதானே என் பிழைப்பு.
குளிர்ந்த கம்பியை ஒரு கையால் பிடித்து
மறு கையால் படிவங்களை மார்போடு அணைத்து
இரண்டு வளைவு தாண்டியபிறகுதான் உறைத்தது:
பதினொன்றில் ஒன்று நான்.

பயிற்சியின் முதல் நாள்
இதே படிவத்தை எங்களுக்கும் கொடுத்தார்கள்.
பதினெட்டுக்கும் ஆம் போட்டிருந்தேன்,
அழுத்தி, தாளின் பின்பக்கம் தடம் பதிய.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
பக்கத்தில் ஏதுமில்லாத இருக்கையை
முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு
மீண்டும் ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள்.
வெளியே பனிமூட்டம், பார்க்க ஒன்றுமில்லை.
இன்னும் நான்கு கொண்டை ஊசி இருந்தது.