நானூற்று முப்பத்துமூன்று

சோடி முந்நூற்றைம்பது ரூபாய்,
கஸ்தூரியார் வீதிக் கடையில்.
பதினேழு சென்ரிமீற்றர் செப்புக்கம்பியைக்
காதாகப் பற்றவைத்தேன்.

ஒருவரும் பேசாதபோது இந்தச் சாமான்
சும்மா இருக்காது;
காதை அகட்டி அகட்டி
வெறும் இரைச்சலை அள்ளி வரும்.
அதனால் முதலில் அர்த்தமில்லாமல்
ஒன்று சுழியம் ஒன்று சுழியம் என்று
அதை அமர்த்திவிட்டு
பிறகுதான் சொல்லவேண்டும்:
மோட்டரைப் போடு.

போன செவ்வாய் இரவு, உரும்பிராயில்
நான் சொல்லாமலே மோட்டர் ஓடியது.
வெங்காயத் தறை முழுக்க வெள்ளம்.

முன்வீட்டுக் கஜதீபனின் புதுக் கேற்
அதே அலையில்தான் திறக்கிறதாம்.

முகவரி எண்ணொன்று சேர்த்து எழுதினேன்.
இனி அவனுக்கு என் மோட்டர் எழும்பாது.
சிவப்பு விளக்கு மட்டும்
ஒருக்கால் மினுங்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

இரண்டே கால்.
இப்பதான் வாறான்.