குதிரைக்கு எத்தனை அடி

மாட்டுக்கென்றால் கிறகோரிக்குக் கணக்குத் தெரியும்.
குதிரைக்கு என்றதும்
அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு சிரித்தார்:
"நெடுந்தீவுக் குதிரை எப்ப பிள்ளை கூரை கேட்டது?"

கேட்கவில்லை.
முன்னங்கால் முள்ளுக்கம்பியில் கிழிந்து
எங்கள் கிணற்றடித் தொட்டியில்
மூன்று நாளாய்த் தண்ணீர் குடித்தது, அவ்வளவுதான்.
கட்டுப் போட்ட துஷ்யந்தினி டொக்டர்
கடைசிப் படகுக்கு ஓடிக்கொண்டே சொன்னார்:
"காயம் நனையக் கூடாது. மாரி வருது."

பனங்கப்பு ஆறு.
உயரத்துக்கு என்னைக் கையைத் தூக்கச் சொன்னார் கிறகோரி;
விரல்நுனிக்கு மேலே இன்னும் ஒரு முழம்.
மிரண்டு எழும்பினால் தலை இடிக்கக் கூடாது.
வாசல், நானும் அதுவும்
உரசாமல் ஒன்றாய் நுழையும் அகலம்.
வாடைப் பக்கம் முருகைக்கல்லை நெஞ்சளவு அடுக்கினோம்.
மற்றப் பக்கங்களை விட்டுவிட்டோம்,
ஓட வழி தெரிந்தால்தான் அது நிற்குமாம்.

அடித்த ஆணிகளை
ஒவ்வொன்றாய் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன்.
பதினேழாவது என்னைக் கீறியது.
இரத்தத்தை உறிஞ்சித் துப்பிவிட்டு
அதை மடக்கி அடித்தேன்.

சீமெந்து வேண்டாம், குளம்பு வழுக்கும். மணல் பரப்பினோம்.
மணலில் போட்ட புல்லை மணலோடு தின்னும்,
வயிறு கட்டும் என்று பிறகுதான் தெரிந்தது.
கல்லின்மேல் ஒரு மீன்பெட்டியை வைத்தேன்.
மோந்துவிட்டு மூன்றடி தள்ளி நின்றது.
புளி போட்டு இரண்டு தரம் தேய்த்தேன்,
மூன்றாம் தரம் வெயிலிடம் கொடுத்தேன்.

அலரியை வெட்டும்போதுதான் கை நின்றது.
வைரவருக்குப் பூப் பறிக்கிற மரம்.
ஒரு பிடி இலை போதும் குதிரையைச் சாய்க்க.
"இனிச் செவ்வரத்தைதான்" என்று அவரிடம் சொன்னேன்.
காலடியில் நாயோடு நிற்கிறவர்,
ஒன்றும் சொல்லவில்லை.

கூரைக்குத் தகரம்.
குசினிக்கென்று வாங்கி
இரண்டு வருடமாய்ச் சுவரில் சாத்தி வைத்தது.
"குதிரைக்குத் தகரம், எங்களுக்குப் புகை" என்றார் கனகரூபன்.
அன்றைக்கு அவர் பேசியது அது மட்டும்.

முதல் மழை தகரத்தில் விழுந்தது.
விழுந்ததென்று சொல்லக்கூடாது,
லொறியில் கொண்டுவந்து கொட்டியதுபோல.
அது பாய்ந்து வெளியேறி
வேலியோரம் வெட்டவெளியில் நின்றது,
புட்டத்தை வாடைக்குக் கொடுத்து,
கட்டுத்துணி கறுக்க, கண் வெளுக்க.
நான் சாக்கோடு அதைச் சுற்றிச் சுற்றி ஓடினேன்.
விடியுமட்டும் நனைந்தோம்.

காலையில் தகரத்தைக் கழற்றிக்
கிடுகு மூன்று படை வேய்ந்தார் கிறகோரி.
தகரம் குசினிக்குப் போனது.
இறங்கும்போது கேட்டார்:
"படலை? தாழ்ப்பாள்?"
"என்னத்துக்கு?" என்றேன்.
உளியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

ஏழு நாள் எட்டியும் பார்க்கவில்லை.
எட்டாம் நாள் விடியப் போனால்
உள்ளே இலத்தி,
ஆவி பறக்க.
ஆரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.
ஆரும் இல்லை. வைரவரிடம் சொன்னேன்.

இப்போது அடைமழை.
குசினியில் தகரத்தின் கீழ்
நானும் கனகரூபனும் வாயைத்தான் அசைக்கிறோம்.
அவருக்கு அது வசதி. எனக்கும்
கொஞ்சக்காலம் வசதியாய்த்தான் இருந்தது.

நேற்றிரவு கொட்டிலுக்குப் போனேன்.
கிடுகின்மேல் மழை
ஆரோ அரிசி புடைக்கிற அளவுக்குத்தான் கேட்டது.
அது அரைக்கிற சத்தம் கேட்டது.
மூக்கால் ஒருதரம் ஊதியது கேட்டது.
காயம் காய்ந்த இடத்தில் மயிர் வெள்ளையாய் முளைக்கிறது,
தொட விட்டது.

பிறகு டோர்ச் வெளிச்சம் ஒன்று
மணலில் தடுமாறி வந்தது.
தலையில் உரப்பை, அரைக்குக் கீழே முழுக்க ஈரம்.
"இஞ்சையோ நிக்கிறாய்?"

எவ்வளவு தெளிவாய்க் கேட்டது.
நான் சற்றுத் தள்ளி நின்றேன்.
வாசல் அகலந்தானே.