எந்தப் படை

விசுவமடுச் சந்தி தாண்டி என் பழைய இரும்புக் கடை.
மாதம் ஒருக்கா வருவார் டெரன்ஸ், வவுனியாவிலிருந்து,
பூதக்கண்ணாடியும் பல்விளக்கும் பிரஷுமாய்.

துருவைச் சுரண்டி வாசிப்பார்:
அம்புக்குறி, கீழே நாற்பத்துமூன்று.
வெள்ளைக்காரன் காலத்துத் தண்ணீர்ப்போத்தல்.
இந்தப் பித்தளைப் பொத்தான் பிந்தியது, பின்வளையத்தைப் பார் என்பார்.
கிலோக் கணக்கில் நான் வாங்கியதை
ஒன்றொன்றாய் விலை பேசுவார்.
பார்த்துப் பார்த்து எனக்கும்
கொஞ்சம் பிடிபட்டுவிட்டது.

நேற்று, சாக்கின் அடியில் ஒன்று.
விளிம்பு நெளிந்து, உச்சியில் கிழிசல்.
காதருகே ஆணியால் குத்திய இரண்டு துளை,
இடையில் கோத்த சைக்கிள் டியூப் துண்டு.
கறுப்புப் பெயின்ற் என்று சுரண்டினார், நகத்தில் கரி.
முத்திரை இல்லை. ஆண்டு இல்லை.
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"இதென்ன தொப்பி? எந்தப் படை?"

சோத்துப்பானை, ஐயா.
பங்கருக்குள்ள பிள்ளைக்குக் கவிழ்த்தது.
நாடிக்கு அளவெடுத்து வெட்டியிருக்கினம், பாருங்கோ,
ஒரு சாணும் வராது.

பிரஷைச் சட்டைப்பையில் செருகினார்.
கொஞ்ச நேரம் கழித்து,
வேறெங்கோ பார்த்தபடி, விலை கேட்டார்.

அலுமினியம் இன்றைக்கு என்ன விலை போகுதென்று
எனக்குத் தெரியும்.
தராசை மூடினேன்.