கடைசியாகப் பதிவான இடம்

வியாழன் இரவு பத்தே கால்.
சாப்பிட்ட தட்டில் தண்ணீர் ஊற்றி
அப்படியே விட்டுவிட்டு உட்கார்கிறேன்.
குன்னூரில் ஒருவன் பாதி விலைக்குத் தள்ளிய பெட்டி,
இடது பக்கம் கொஞ்சம் இழுக்கும் கன்ட்ரோலர்,
கிடைத்தால் நாற்பது நிமிடம்.

விளையாட்டில் எனக்கொரு படகு உண்டு.
தீவு தீவாக உப்பு ஏற்றிப் போக வேண்டும்.
ஆறாயிரம் அடி உயரத்தில்
ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
நான் மாலுமி.
கலங்கரை விளக்கத்தைத் தொட்டால்தான்
வந்த தூரம் பதிவாகும்.
தொடாவிட்டால் பழைய தீவு, பழைய உப்பு.

மஞ்சூரில் கரண்ட் போனால்
எல்லோரும் மெழுகுவர்த்தியைத் தேடுவார்கள்,
பிறகு என்னை.
திரை கறுத்து
ஒரு கெட்ட வார்த்தையை முடிப்பதற்குள் போன் வரும்:
"அண்ணே, கேரிங்டன் பக்கம் கற்பூர மரம் விழுந்திருச்சு."

ஹாலன் டார்ச் பிடிப்பான்.
நான் ஏறுவேன்.
கம்பத்தின் உச்சியில், ரப்பர் கையுறைக்குள்
கட்டைவிரல் மட்டும்
பாறைக்கு அந்தப் பக்கம் படகைத் திருப்பிக்கொண்டிருக்கும்.
ஊருக்கெல்லாம் விட்ட இடத்தில் வெளிச்சம் வந்துவிடும்.
எனக்கு, விட்ட இடம் போய்விட்டிருக்கும்.

தவமலருக்குத் தேயிலை ஃபாக்டரியில் ஆறு மணி ஷிப்ட்.
மழைக்காலத்தில் நான் திரும்பும்போது
போர்வையில் சூடு இருக்கும்,
அவள் இருக்கமாட்டாள்.
நாங்கள் பேசிக்கொள்வது
சிலிண்டர், சீட்டுப்பணம்,
மாவு புளித்துவிட்டது.

ஆடியில் ஒருநாள்
படகின் கூரை மஞ்சளாக இருந்தது.
நான் பூசவில்லை.
கிடங்கில் நான் ஏற்றாத பன்னிரண்டு கூடை மத்தி.
கடைசிப் பதிவு: காலை 5.10.

கேட்கவில்லை.
கேட்டால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவாள்.
உப்பு விற்ற காசில்
ஒரு விளக்குக் கம்பம் வாங்கி
அவள் மீன் இறக்கும் துறையில் நட்டேன்.
இங்கேயும் கம்பமா என்று எனக்கே சிரிப்பு.
மறுநாள் கம்பத்தடியில்
ஒரு பூனை உட்கார்ந்திருந்தது.
விலை பார்த்தேன்: முந்நூறு காசு.
அவள் ஒரு வாரம் மீன் பிடித்திருக்க வேண்டும்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு
இரண்டு பேரும் வீட்டில்.
கன்ட்ரோலர் ஒன்றுதான்.
"நீங்க ஓட்டுங்க."
"நீ ஓட்டு."
பெண் பார்க்கப் போன வீட்டில்கூட
இவ்வளவு தயங்கியதில்லை.

அவள்தான் எடுத்தாள்.
படகு சாயும் பக்கமெல்லாம் அவளும் சாய்ந்தாள்.
நேராகப் போகத் தெரியவில்லை, அல்லது விருப்பமில்லை.
ஒவ்வொரு பாறையையும் ஒருமுறை சுற்றினாள்.
சும்மா, பார்க்க.
நான் மூன்று வருடமாக
அந்தப் பாறைகளுக்கு இடையில்தான் போகிறேன்.
ஒன்றின் முதுகில் கூடு இருப்பது தெரியாது.

போன்.
கிளை கம்பிமேல் சாய்கிறதாம், இன்னும் விழவில்லை.
லைன் கிளியர் வாங்கி வெட்ட வேண்டும்.
மழைக்கோட்டைத் தேடினேன்.
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:
"போய்ச் சேர எவ்வளவு நேரம்?"
"இருபது நிமிஷம்."
"சரி."

மஞ்சு ஹெட்லைட்டைத் தின்றுகொண்டே வந்தது.
ஹாலன் ஏணியைச் சாய்த்து வைத்திருந்தான்.
சப் ஸ்டேஷனுக்குப் பேசு என்று கண் காட்டினான்.
முதலில் வீட்டுக்குப் பேசினேன்.

"தொட்டுட்டியா?"
அவளுக்குப் பின்னால் அலைச்சத்தம்.
"இருங்க... இருங்க..."
ஹெல்மெட்டில் மழை தட்டியது.
ஹாலன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.
"ம். தொட்டாச்சு."

பிறகு சப் ஸ்டேஷன்.
பிறகு, எங்கள் வீட்டையும் சேர்த்து
சரிவு முழுக்க விளக்குகள் அணைந்தன.