பன்னிரண்டு மணி மாதிரி

என் வேலை எச்சில்.
பஞ்சுச் சுருளை மென்று ஆண்கள் துப்பிய
சின்னக் குழாய்கள் பெட்டி பெட்டியாக வரும்.
ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு.
எல்லோரும் ஒரே வருஷத்துப் பிறப்பு,
யோத்தெபோரி நகரத்து ஐம்பத்தொன்றுகள்.

கார்ட்டிசால் என்பது
காலையில் உச்சியில் நின்று
பகலெல்லாம் படியிறங்கி
ராத்திரி அடியில் போய்ச் சுருண்டுகொள்ள வேண்டியது,
பூனை போல, அவசரமில்லாமல்.
சிலருக்கு அது இறங்குவதே இல்லை.
கைகால் இளைத்து
வயிறு மட்டும் ஓரடி முன்னால் நடந்து வருகிறவர்கள்.

இடுப்பளவும் நான்தான் எடுப்பேன்.
மூச்சை விடுங்கள் என்பேன்.
விட மாட்டார்கள்.

தோலுக்கடியில் கிடக்கும் கொழுப்பு சாது.
குடலைச் சுற்றியதற்குக் காது அதிகம்;
கார்ட்டிசால் முணுமுணுத்தாலும் கேட்டுக் கொழுக்கும்.
கொழுத்தது சும்மா இருக்காது.
டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து
ஈஸ்ட்ரோஜனாக மாற்றி அனுப்பும்.
அது குறையக் குறைய இது கூடும்.
முதலில் கெட்டது எது என்று
மேல்மாடி டாக்டர்களுக்குள் பத்து வருஷச் சண்டை.

நூற்றுப் பதினெட்டாம் எண்
சண்டைக்குள் அடங்கவில்லை.
நாளெல்லாம் தட்டையாகப் போகிற கோடு
மதியம் பன்னிரண்டுக்கு மட்டும்
அடிபட்ட மீனாய்த் துள்ளியது.
அந்த நேரம் என்ன நடந்தது
என்ற கட்டத்தில் அவன் கையெழுத்து:
சூப்.
மறுநாளும் சூப்.
வியாழன், பட்டாணி சூப்.
பட்டாணிக்கு இவ்வளவு துள்ளத் தெரியாது.

மார்ச்சில் ஒரு மதியம்,
படகுத்துறையில், டெலிபோன் கூண்டுக்குள்
நூற்றிரண்டரை சென்டிமீட்டர்.
முகத்துக்கு முன்னால் இடுப்பைத்தான் அடையாளம் கண்டேன்.
கண்ணாடி உடைந்திருந்தது, குரல் வெளியே வந்தது:
"இப்பத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.
கிரேன் சத்தம், கொஞ்சம் உரக்கப் பேசு."
கிரேன் இல்லை. கடற்காகங்கள்.
அவன் வேலை பார்த்த கப்பல் பட்டறை
போன கோடையிலேயே மூடியாயிற்று.

போனை வைத்தான்.
பையிலிருந்து பஞ்சை எடுத்து
பொய் சொன்ன அதே வாயில் போட்டு
கடிகாரத்தைப் பார்த்தபடி
முழுசாக ஒரு நிமிஷம் மென்றான்,
விதி பிசகாமல்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனுக்கும்
எச்சிலில் ஒளிக்கத் தெரியவில்லை.
அறிக்கையில் எழுதினேன்:
காரணம் தெரியவில்லை.
பிறகு அடித்துவிட்டு,
சூப் என்றே எழுதினேன்.

அடுத்த வருஷ அளவுக்கு
மனைவி மாய்கெனும் கூட வந்தாள்.
நூற்றைந்து.
அவன் உள்ளே சட்டை மாட்ட,
நடைவழி பெஞ்சில்
அவன் கோட்டை மடியில் வைத்திருந்தவள் சொன்னாள்:
"கால்சட்டைப் பொத்தானை
மூணு தடவை தள்ளித் தைச்சாச்சு.
வேலைச் சட்டையில ஒன்றரை வருஷமா
ஒரு கிரீஸ் கறை இல்லை.
கறை இல்லாததையும் துவைக்கிறேன்.
மத்தியானம் போன் வரும்.
கிரேன் சத்தமாம்.
நானும் கத்திப் பேசுவேன்,
தெரியாத மாதிரி."

என் அங்கிப் பையில்
காலியாக ஒரு குழாய் இருந்தது.
விரலால் உருட்டிக்கொண்டே இருந்தேன்.
படிவத்தில் அவளுக்குக் கட்டம் இல்லை,
ஆய்வு ஆண்களுக்கு மட்டும்.

கதவு திறந்தது.
வயிற்றை எக்கி உள்ளே இழுத்தபடி அவன் வந்தான்.
அவள் எழுந்து கோட்டை விரித்துப் பிடித்தாள்.
மணி என்ன என்று கேட்டாள்.
பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.