ஒண்ணும் பண்ணாது

"ஒண்ணும் பண்ணாதுங்க, சும்மா வாங்க."
வாய்க்கால் கரையில் தினமும் காலை
இதைச் சொல்லிக்கொண்டேதான் நடந்தேன்.
பால் கேனோடு எதிரே வந்தவர்
கருவேல முள்ளுக்குள் ஒதுங்கியபோதும்,
டியூஷன் பிள்ளைகள்
சைக்கிளைவிட்டு இறங்கி
மூச்சைப் பிடித்து நின்றபோதும்.
சங்கிலி என் தோளில் கிடந்தது,
அங்கவஸ்திரம் மாதிரி.

நாய்க்கு ஜமீன் என்று பேர்.
நான் வைத்ததுதான்.
குத்தாலம் முழுக்கத் தன் பட்டா என்று
அது நினைத்ததில் என்ன தப்பு?

தை முடிந்து அறுத்த வயலில்
எண்ணூறு வாத்து இறங்கியிருந்தது.
ஜமீன் பாய்ந்தது வாத்துக்காக.
குறுக்கே வந்தது
அஞ்சலாட்சியின் கால்.

தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.
"ஜமீன், வா" என்றால்
சோற்றுத் தட்டுக்கு வரும்.
வயலில் அந்தச் சொல்லுக்கு
அர்த்தம் இருப்பது அதற்குத் தெரியாது.
நான் சொல்லித் தரவில்லை.

கெண்டைக்காலில் நான்கு துளை.
அடிபம்பு அருகே உட்காரவைத்து
கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினேன்.
என் கை
இன்னொருவர் காலைக் கழுவியது
அதுதான் முதல் தடவை.
அவள் வலியைப் பற்றிப் பேசவில்லை.
"எத்தினி போச்சுன்னு எண்ணுடா" என்றாள்
மகனைப் பார்த்து.
ஏழு.

அரசு ஆஸ்பத்திரிச் சீட்டில்
நர்ஸ் நான்கு தேதி எழுதினார்:
இன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள்,
இருபத்தெட்டாம் நாள்.
"நாய்க்கு ஊசி போட்டிருக்கா?"
போட்டிருக்கு என்று வாய் திறந்துவிட்டேன்.
அட்டையில் இருந்தது
போன சித்திரைக்கு முந்தின சித்திரை.
"பத்து நாள் கட்டிவெச்சுப் பாருங்க" என்றார்.
யாரை என்று
ஒரு நிமிஷம் விளங்கவில்லை.

வாத்துக்குத் தேதி கிடையாது.
சிந்தின நெல் தீர்ந்தால் நகரும்.
ஏழாம் நாள் பேரளத்தில் இருந்தார்கள்,
பைக்கில் போய்க் கூட்டிப்போனேன்.
இருபத்தெட்டாம் நாள் போனில் கேட்டால்
"ரயில்வே கேட்டுக்குத் தெக்கால, ஒரு புளியமரம்."
எந்த ஊர்க் கேட்டு?
அவளுக்கும் தெரியவில்லை.
பக்கத்தில் நின்ற யாரோ போனை வாங்கி
"திருத்துறைப்பூண்டி சார்" என்றார்.

கூட்டுறவுச் சங்கத்தில் லீவு சொல்லிவிட்டு
அரசலாறு, முடிகொண்டான்,
ஓடம்போக்கி, பாண்டவையாறு, வெள்ளையாறு,
பாலம் பாலமாகத் தாண்டினேன்.
அன்றைக்கு நான் பிடிக்காத ஆறடிச் சங்கிலி
இத்தனை தூரத்துக்கு நீண்டிருந்தது.

அவள் வரப்பில் நின்றிருந்தாள்.
நுனியில் பிளாஸ்டிக் பை கட்டிய மூங்கில் கழி.
அதை லேசாகச் சாய்த்தாள்.
எண்ணூறும்
(இல்லை, எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்றும்)
ஒரே பக்கம் திரும்பின.
அடியில்லை, அதட்டல் இல்லை.
நான் வாய் பிளந்ததைப் பார்த்துவிட்டு
"குஞ்சுலேந்தே பழக்கணும்" என்றாள்.
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஊசி முடிந்து வெளியே வந்ததும்
ஏழு வாத்துக்கான பணத்தை நீட்டினேன்.
எச்சில் தொட்டு எண்ணினாள்.
"முட்டை போடற வாத்து சார்,
தலைக்கு அம்பது கூடப் போடு."
போட்டேன்.

இப்போதும் அதே கரைதான்.
சங்கிலி மணிக்கட்டில் இரண்டு சுற்று.
பால் கேனைத் தூரத்தில் பார்த்ததும்
நாயோடு நான் இறங்குகிறேன்,
தண்ணீர் நின்ற வாய்க்காலுக்குள்.
"நீங்க போங்க" என்கிறேன்.
அவர் பழக்கத்தில்
இன்னும் முள் பக்கமே ஒதுங்குகிறார்.
முகம் பார்ப்பதில்லை.

"உக்காரு" என்றால்
ஜமீன் உட்காருகிறது,
பத்தில் ஏழு தடவை.
மீதி மூன்றுக்குத்தான் சங்கிலி.