மூன்று செல்லாயி

கறுப்பு ஜன்னல் திறந்தது.
ஓரத்தில் ஒரு டாலர் குறி
கண்சிமிட்டிக்கொண்டு நின்றது.
இங்கே கிலோவுக்குப் பதினெட்டு ரூபாய் என்றேன்.
அதற்கு அது பொருட்டில்லை.

பந்தலூர் ஃபாக்டரி ஆபீஸ், இரவு பதினொன்று.
மாடியில் கொழுந்து வாடுகிறது, மின்விசிறிச் சத்தம்.
நாளை பட்டுவாடா.
எடைக் கணக்கைக் கூட்டும் ஸ்க்ரிப்ட்
வேறொரு மண்ணில் முளைத்தது.
இந்த விண்டோஸ் பெட்டிக்குள்
அதற்கு ஒரு நாற்றுப்பை கட்ட வேண்டும்.

முதலில் கோடுகள்.
ஒருவர் மலை ஏறுகிற கோடு போடுகிறார்,
மற்றவர் இறங்குகிற கோடு.
தடம் ஒன்றுதான்.
புரோகிராம் ஃபைல்ஸ் என்ற பெயருக்கு நடுவே
ஓர் இடைவெளி இருப்பதால்
ஷெல் அதை இரண்டு ஆளாக எண்ணிவிடுகிறது.
மேற்கோள் குறிக்குள் கட்டிக் கொடுத்தேன்.

பிறகு ஹோம்.
வீடு எது என்று கேட்டால்
நிர்மலன் என்றது.
அவர் திருப்பூர் போய் எட்டு மாதம்.
லயன் வீட்டில் பிறந்தவளுக்கு இது சிரிப்பு:
எங்களுக்கு வேலை ஓய்ந்த மாதமே
சாவியைக் கேட்டுக் கடிதம் வரும்.
இவருக்கு மட்டும்
யாரும் காலிசெய்யச் சொல்லாமல்
நிற்கிறது ஒரு வீடு.
நான்தான் சொன்னேன்.
அவர் பெயரை அழித்து
தவமலர் என்று அடித்தேன்.
கை கொஞ்சம் தயங்கியது.

தொடக்கக் கோப்பின் பெயர் புள்ளியில் ஆரம்பிக்கிறது.
தமிழில் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போகும், மெய் நிற்கும்.
இங்கே முன்னால் வைத்தால்
மெய்யும் கண்ணில் படாது.

ஸார்ட் என்றேன். கோப்பே இல்லை என்றது.
இந்தப் பெட்டியில் இரண்டு ஸார்ட்.
பாத் என்கிற வரிசையில் முன்னால் நிற்பது
விண்டோஸ் வீட்டுப் பிள்ளை,
கூப்பிட்டதும் அதுதான் ஓடிவரும்.
செல்லாயி விஷயமும் இதுவே.
பாலத்தடி செல்லாயி, நாலாம் நம்பர் செல்லாயி,
காது கேளாத செல்லாயி.
மைக்கில் அழைத்தால்
முன்னால் நிற்பவள் கவரை வாங்கிக்கொள்வாள்.
போன மாதத் தகராறு இன்னும் தீரவில்லை.
வரிசையை மாற்றி எழுதினேன்.

அப்படியும் கணக்கு ஒட்டவில்லை.
பாலத்தடி செல்லாயியும் பாலத்தடி செல்லாயியும்
வேறு வேறு ஆள் என்று சாதித்தது.
பார்த்தால், ஒவ்வொரு வரியின் குதிகாலிலும்
தெரியாத ஓர் எழுத்து,
நோட்பேடிலிருந்து கடித்துக்கொண்டே வந்த அட்டை.
உப்புத் தூவுவதுபோல் ஒரே கட்டளை.
உதிர்ந்தன.

நாற்பத்தொரு கிலோ வெளியே வந்தது.
காது கேளாதவளுடையது.
அவள் கேட்டதே இல்லை.

மூடும்முன் நிர்மலனின் பழைய வீட்டை எட்டிப்பார்த்தேன்.
புள்ளிக் கோப்பில் ஒரே ஒரு வரி:
எடையைக் கூட்டும் நீளக் கட்டளைக்கு
கொழுந்து என்று ஒரு சுருக்குப் பெயர்,
ஆங்கில எழுத்தில், ழகரத்துக்கு எல் போட்டு.
அதை என் கோப்பில் ஒட்டிக்கொண்டேன்.
எல்லைத் திருத்தவில்லை.
யுபிஎஸ் கத்தத் தொடங்கியது.